நீதியரசர் பத்ருத்தீன் தயாப்ஜி: பல்லின மக்கள் வாழ் பம்பாய் ஈன்ற பண்பாளர்

இந்தியத் திருநாட்டின் மாநகரங்களுள் பம்பாய்க்குத் தனித்ததொரு வரலாறு உண்டு. தில்லி, ஆக்ரா போன்ற நகரங்கள் மன்னர்களால் எழுந்தவை. காசி, மதுரை போன்றவை திருத்தலங்களாகச் செழித்தவை. பம்பாயோ கடலின் கொடை. ஏழு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடந்த அந்நிலம், குஜராத் சுல்தான்களிடமிருந்து போர்ச்சுகீசியர் கைக்கு மாறியது. 1661-ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின்படி ஆங்கில அரசர் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாயிற்று. 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்துப் பவுன் பெறுமானமுள்ள அந்தத் தீவுகளே பின்னாளில் இந்தியாவின் பெரும் வணிகத் துறைமுகமாயின. 1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என்னும் பெயரால் வழங்கப்பெறும் அந்நகரை, அதன் பழைய வரலாற்றைப் பேசும் இக்கட்டுரை பம்பாய் என்றே குறிப்பிடுகிறது.

அந்நகரில் குடியேறாத இனமில்லை எனலாம். கோலி மீனவர்கள் அதன் தொல்குடிகள். மாகிமில் அடங்கியிருக்கும் மகான் மக்தூம் அலி மாஹிமி அவர்கள், ஆங்கிலேயர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்து திருக்குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதியவர். பின்னர்ச் சூரத்திலிருந்து பார்சிகள் வந்தனர். கட்ச், கத்தியவார் பகுதிகளிலிருந்து மேமன்களும் கோஜாக்களும் வந்தனர். கொங்கணக் கரையிலிருந்து கப்பல் தொழில் வல்ல முஸ்லிம்கள் வந்தனர். கோவாவிலிருந்து கிறித்தவர்களும், பாக்தாதிலிருந்து டேவிட் சசூன் போன்ற யூத வணிகர்களும், குஜராத்திலிருந்து சமண வணிகர்களும், தக்காணத்திலிருந்து மராத்தியக் கற்றோரும் உழைப்பாளரும் வந்தனர். 1872-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நகரின் மக்கள்தொகை 6,44,405.

இவர்கள் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தாலும், வாணிகம் அவர்களை ஒன்றாக இணைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்சியரான ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய், சமணரான மோதிசந்த் அமிசந்த், கொங்கணி முஸ்லிமான முகம்மது அலி ரோகே, கோவாக் கிறித்தவரான ரொஜேரியோ தெ பாரியா ஆகியோர் சீன வாணிகத்தில் கூட்டாளிகளாய் விளங்கினர். அந்த வாணிகத்தில் பருத்தியோடு அபினியும் இருந்தது என்பதை வரலாறு மறைப்பதில்லை. அந்த நகரம் அறத்தால் மட்டுமே வளர்ந்ததன்று; ஆனால் ஒருவரையொருவர் நம்பியே வளர்ந்தது.

இவ்வாறு வாணிகத்தில் நிலவிய நம்பிக்கையைப் பொதுவாழ்விலும் நிலைநாட்ட முயன்ற பெருமகனார் ஒருவரின் வாழ்வே இக்கட்டுரையின் பொருள். வழக்கறிஞராகவும், கல்வி நிறுவனராகவும், மக்கள் தலைவராகவும், நீதியரசராகவும் திகழ்ந்த பத்ருத்தீன் தயாப்ஜி அவர்களே அவர்.

பிறப்பும் குடும்பமும்

பத்ருத்தீன் 1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் முல்லா தயாப் அலி பாய் மியான். குஜராத்தின் கம்பாத் நகரைப் பூர்விகமாகக் கொண்ட சுலைமானி போஹ்ரா குடும்பத்தினர். போஹ்ராக்கள் குஜராத்தில் தழைத்த வணிகச் சமூகத்தினர். அவர்களுள் சுலைமானிகள் எண்ணிக்கையில் சிறிய பிரிவினர். தயாப் அலி எளிய நிலையில் தொடங்கித் தம் உழைப்பால் கடல் கடந்த வாணிகம் செய்யும் அளவுக்கு உயர்ந்தவர்.

இத்தகைய வணிகர் தம் மைந்தரைக் கடைத்தெருவிற்கே அனுப்புவது அக்கால வழக்கம். தயாப் அலியோ தம் புதல்வர்களைக் கல்விக்காக ஐரோப்பாவிற்கு அனுப்பினார். ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்று சமுதாயத்தில் பலர் அஞ்சிய காலம் அது. கடல் கடந்த மகன் பிறர் மகனாகிவிடுவான் என்று உற்றார் எச்சரித்த காலம். அக்காலத்தில் ஒரு முல்லா இம்முடிவை மேற்கொண்டார் என்பது எண்ணிப் போற்றத்தக்கது. மூத்த புதல்வருள் ஒருவரான கமருத்தீன், 1858-இல் இங்கிலாந்தில் சொலிசிட்டராகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் இந்தியர் என்னும் சிறப்பைப் பெற்றார். தம்பியின் வாழ்வுக்கு அண்ணனே வழி திறந்தார்.

கல்வி

பத்ருத்தீனின் கல்வி, தாதா மக்ரா என்பார் நடத்திய மத்ரசாவில் தொடங்கியது. அங்கு உருதுவும் பாரசீகமும் பயின்றார். பின்னர் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலக் கல்வி பெற்றார். வீட்டில் குஜராத்தி வழங்கியது. குடும்பத்தார் காலப்போக்கில் உருதுவைத் தம் வீட்டு மொழியாக்கிக் கொண்டனர். தெருவிலே மராத்தி ஒலித்தது. இத்தனை மொழிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, எந்த மொழி பேசுவோரையும் அயலாராகக் கருதாத மனம் பெற்றதில் வியப்பில்லை.

இளமையிலேயே அவருக்குக் கண்நோய் இருந்தது. மருத்துவத்திற்காகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1860-இல் இலண்டனில் கல்வியைத் தொடர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியபின் மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். பார்வை மேலும் குன்றவே 1864-இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை வானளாவ உயர்ந்து, பம்பாய் வணிகர் பணமழையில் நனைந்த காலம் அது. கண்பார்வை குன்றிய இளைஞர் ஒருவர் படிப்பைக் கைவிட்டுக் குடும்ப வாணிகத்தில் இறங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். 1865-இல் கம்பாத்தைச் சேர்ந்த ராஹத்துன் நஃப்ஸ் என்னும் மங்கையை மணந்த பத்ருத்தீன், அவ்வாண்டின் இறுதியிலேயே மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். 1867 ஏப்ரலில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1865-இல் போர் ஓய்ந்து பருத்திச் சந்தை வீழ்ந்தபோது பம்பாயின் பல செல்வர் நொடித்துப் போயினர். கல்விச் செல்வத்திற்கு அந்த வீழ்ச்சி இல்லை.

இலண்டன் வாழ்க்கை அவருக்குச் சட்டத்தோடு நட்பையும் தந்தது. தாதாபாய் நௌரோஜியைச் சூழ்ந்திருந்த இந்திய இளைஞர் வட்டத்தில் பிரோஸ்ஷா மேத்தா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு நண்பரானார். அந்நட்பு நாற்பதாண்டுகள் நீடித்தது.

வழக்கறிஞர் தொழில்

1867 டிசம்பரில் பத்ருத்தீன் பம்பாய் திரும்பி உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அந்நீதிமன்றத்தில் இந்தியப் பாரிஸ்டர் ஒருவர் தோன்றியது அதுவே முதல்முறை. உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. ஆங்கிலப் பாரிஸ்டர்களே வழக்காடிய மன்றத்தில் ஓர் இந்தியரை நம்பி வழக்கை ஒப்படைக்க இந்தியரே தயங்கினர். சொலிசிட்டராயிருந்த அண்ணன் கமருத்தீனின் துணை தொடக்கத்தில் கைகொடுத்தது. பின்னர் அவர்தம் நுண்ணறிவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் ஆற்றலும், சினமின்றி வாதிடும் பண்பும் அவரை முன்னணி வழக்கறிஞராக்கின. அவரைப் பின்பற்றிப் பார்சிகளும் இந்துக்களும் முஸ்லிம்களுமாகப் பலர் அம்மன்றத்தில் அடியெடுத்து வைத்தனர்.

மும்மூர்த்திகள்

1873-இல் பம்பாய் மாநகராட்சிக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. அறுபத்து நான்கு உறுப்பினருள் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவில் மக்களாட்சி தன் முதலடிகளை எடுத்துவைத்த இடங்களுள் அம்மாநகராட்சியும் ஒன்று. அதன் உறுப்பினர்களுள் ஒருவராகப் பத்ருத்தீன் பொதுவாழ்வில் நுழைந்தார். குடிநீரும் சாக்கடையும் சமயம் பார்த்து ஓடுவதில்லை. நகரின் எல்லா மக்களுக்குமான பணியை எல்லா மக்களும் கூடிச் செய்யும் பயிற்சியை அந்த அவை அவருக்கு அளித்தது.

1879-இல் மான்செஸ்டர் துணிகள் மீதான இறக்குமதி வரியை நீக்க அரசு முனைந்தபோது, இந்திய ஆலைத்தொழிலை அது நலிவடையச் செய்யும் என எடுத்துரைத்து அவர் ஆற்றிய உரை நகரின் கவனத்தை ஈர்த்தது. 1883-இல் இல்பர்ட் மசோதாக் கிளர்ச்சி எழுந்தது. ஐரோப்பியர் மீதான வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற அம்மசோதாவை இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் கடுமையாக எதிர்த்தனர். வசைமாரி பொழியப்பட்ட அவ்வேளையில், பம்பாய் நகர மண்டபக் கூட்டத்தில் மசோதாவை ஆதரித்து அளவான சொற்களால் பேசினார் பத்ருத்தீன்.

பார்சியரான பிரோஸ்ஷா மேத்தா, மராத்திய இந்துவான காசிநாத் திரிம்பக் தெலாங், முஸ்லிமான பத்ருத்தீன் தயாப்ஜி ஆகிய மூவரையும் பம்பாயின் மும்மூர்த்திகள் என மக்கள் சேர்த்தே வழங்கினர். தெலாங் வடமொழிப் புலவர். பகவத்கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மூவரும் சட்டம் பயின்றோர். சமய நம்பிக்கையை எவரும் விட்டுக்கொடுத்தாரில்லை. அதனால் நட்பு குறைந்ததுமில்லை. 1885-இல் மூவரும் இணைந்து பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் கூட்டம் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு கூடியபோது, விருந்தோம்பும் பொறுப்பை அச்சங்கமே ஏற்றது. அவர்களுள் முஸ்லிம்கள் இருவர் மட்டுமே. பணி காரணமாகப் பத்ருத்தீன் அதில் கலந்துகொள்ள இயலவில்லை. அதனை அவர் புறக்கணித்தார் என்று சிலர் கூறியபோது அதை மறுத்தார்.

அஞ்சுமனே இஸ்லாம்

பத்ருத்தீனின் வாழ்வில் நிலைத்த சாதனை கல்விப் பணியே. 1874 பிப்ரவரியில் பம்பாயில் பார்சிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய ஒரு நூற்பகுதி அதற்குத் தூண்டுகோலாயிற்று. பல்லினத்தார் கூடி வாழும் நகரில் அமைதி எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்நாட்கள் காட்டின. அதே ஆண்டில்தான் அஞ்சுமனே இஸ்லாம் என்னும் அமைப்பு தோன்றியது. கமருத்தீன் தலைவர்; பத்ருத்தீன் செயலாளர். கொங்கணிப் பெருவணிகரான நகுதா முகம்மது அலி ரோகே, குலாம் முகம்மது முன்ஷி ஆகியோர் உடனின்று உழைத்தனர். போஹ்ரா, கொங்கணி, மேமன் எனப் பிரிந்திருந்த முஸ்லிம்களைக் கல்வி என்னும் ஒரே நோக்கில் அவ்வமைப்பு கூட்டிவைத்தது.

அக்கால நிலையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. பார்சிகளும் பிராமணர்களும் பட்டம் பெற்று வெளிவந்து கொண்டிருந்தபோது, பட்டம் பெற்ற முஸ்லிம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மத்ரசாவில் பயின்றோர்க்கு அரசுப் பணி இல்லை. அரசுப் பள்ளியிலோ மார்க்கக் கல்வி இல்லை. இரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தாலன்றிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பமாட்டார் என்பதைப் பத்ருத்தீன் கண்டுகொண்டார். 1880-இல் அஞ்சுமனின் முதல் பள்ளி தொடங்கியது. அரசிடமும் மாநகராட்சியிடமும் வாதாடி உதவித்தொகை பெற்றுத் தந்தார். 1893-இல் விக்டோரியா டெர்மினஸ் இரயில் நிலையத்திற்கு எதிரே அப்பள்ளிக்குப் பெருங்கட்டடம் எழுந்தது. அண்ணனுக்குப் பின் அஞ்சுமனின் தலைவராகி, இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். இன்று அந்நிறுவனம் மழலையர் பள்ளி முதல் பொறியியல் கல்லூரி வரை நடத்தும் பெருமரமாகத் தழைத்துள்ளது.

பிறர்க்கு உரைத்ததைத் தம் இல்லத்தில் செய்தார் என்பதே அவர்தம் சிறப்பு. தம் புதல்வியரைப் பள்ளிக்கு அனுப்பினார். 1904-இல் இருவரை இங்கிலாந்திற்கே அனுப்பிப் படிக்கச் செய்தார். மார்க்கம் வகுத்த எல்லைக்கு அப்பாலும் பெண்களை அடைத்துவைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. இதனால் சமுதாயத்தில் ஒருசாரார் அவரைக் கடிந்தனர். அவர் கடிந்தோரைக் கடியாமலும் தம் கருத்தை மாற்றாமலும் வாழ்ந்தார்.

சென்னை மாநகரில்

பத்ருத்தீனின் வாழ்வில் தமிழகத்திற்கும் பங்குண்டு. காங்கிரசின் மூன்றாம் மாநாடு 1887 டிசம்பர் இறுதியில் சென்னையில் கூடியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் மக்கீஸ் தோட்டத்தில் பந்தல் எழுந்தது. சர் டி. மாதவராவ் வரவேற்புக் குழுத் தலைவர். 607 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஏழை எளியோரும் அணாக் கணக்கில் நன்கொடை தந்த மாநாடு அது. தஞ்சையிலிருந்து வந்த மூக்கணாசாரி என்னும் கைவினைஞர் தமிழிலேயே பேசினார் என்பது நம்மவர் நினைவில் நிறுத்தத்தக்கது.

அம்மாநாட்டிற்குத் தலைமையேற்றவர் பத்ருத்தீன் தயாப்ஜி. முதல் மாநாட்டிற்கு வங்காளத்து உமேஷ் சந்திர பானர்ஜியும், இரண்டாம் மாநாட்டிற்குப் பார்சியரான தாதாபாய் நௌரோஜியும் தலைமை தாங்கினர். மூன்றாம் மாநாட்டில் ஒரு முஸ்லிம் தலைமையேற்றது வெறும் முறைவைப்பன்று. முஸ்லிம்கள் காங்கிரசிலிருந்து விலகி நிற்கின்றனர் என்ற பேச்சு பரவியிருந்த நேரம் அது. அவர் தம் தலைமையுரையில், நாட்டின் பொதுவான குறைகளைக் களைவதற்காக ஒரு சமுதாயம் பிற சமுதாயங்களோடு இணைந்து நிற்பதில் தடையேதும் இருப்பதாகத் தாம் காணவில்லை என்று தெளிவுபடுத்தினார்.

அதே நாட்களில் வடக்கே இலக்னோவில் மற்றொரு குரல் எழுந்தது. அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கான், டிசம்பர் 28-ஆம் நாள் ஆற்றிய உரையில் முஸ்லிம்கள் காங்கிரசில் சேரலாகாது என்று வலியுறுத்தினார். சமுதாயத்தின் கல்விக் கண்ணைத் திறந்த பெரியார் ஒருவரும், அதே கல்விப் பணியில் ஈடுபட்ட மற்றொருவரும் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தனர். சமுதாயம் எந்த வழி செல்வது என்பதே வினா.

இருவர் வாதங்களையும் நடுநிலையோடு எடைபோட வேண்டும். 1857-ஆம் ஆண்டுக் கொடுமைகளைத் தில்லி மண்ணில் கண்ணாரக் கண்டவர் சர் சையத். அரசின் ஐயத்திற்கு மீண்டும் ஆளானால் சமுதாயம் எழவே முடியாது என்று அஞ்சினார். எண்ணிக்கையால் ஆளும் அவைகளில் சிறுபான்மையினர் குரல் அமுங்கிவிடும் என்றும் கருதினார். பத்ருத்தீன் வளர்ந்த மண் வேறு. பார்சிகளும் போஹ்ராக்களும் யூதர்களுமாகச் சிறுபான்மையினர் பலர் சேர்ந்தே உருவாக்கிய நகரம் அவருடையது. எண்ணிக்கையில் குறைந்தோரும் அறிவாலும் நேர்மையாலும் அவையில் மதிக்கப்படுவதை அவர் மாநகராட்சியில் நேரில் கண்டவர். ஒவ்வொருவரும் தாம் வாழ்ந்த நகரின் கண்கொண்டே நாட்டைக் கண்டனர் எனலாம்.

1888 பிப்ரவரியில் சர் சையத் அகமது கான், சையத் அமீர் அலி, நவாப் அப்துல் லத்தீப் ஆகியோருக்குப் பத்ருத்தீன் மடல் எழுதினார். காங்கிரசில் குறையிருப்பின் உள்ளிருந்தே திருத்தலாம். முஸ்லிம்களுக்கு ஒவ்வாத பொருளை அங்கு விவாதிக்கவிடாமல் தடுக்கலாம். விலகி நின்றால் அந்த வாய்ப்பும் போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். சர் சையத் உடன்படவில்லை. பல சமயங்களையும் நலன்களையும் கொண்ட இந்தியாவை ஒரே தேசமாகக் கொள்ளலாகாது என்று மறுமொழி எழுதினார். இருவர் மடல்களிலும் வாதம் கூர்மையாய் இருந்தது, மரியாதை குன்றவில்லை.

பத்ருத்தீன் தம் வாதத்தைச் செயலாக்கினார். அவ்வாண்டு இறுதியில் அலகாபாத்தில் கூடிய மாநாட்டில் ஒரு விதி நிறைவேறியது. இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஒருமித்த நிலையில் எதிர்க்கும் எப்பொருளும் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்படாது என்பதே அவ்விதி. சிறுபான்மையினர் காப்புக்கு வழிவகுத்த தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1888 அக்டோபரில் அவர் ஹியூமுக்கு எழுதிய மடலில் கசப்பான உண்மை ஒன்றை ஒப்புக்கொண்டார். முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலோர் காங்கிரசை எதிர்க்கும் நிலையில், அவர்களை விடுத்து அதனைத் தேசிய அமைப்பு என்பது பொருந்தாது. அடுத்த மாநாட்டிற்குப் பின் ஐந்தாண்டுகளேனும் நிறுத்திவைத்து நிலைமையை ஆராய்வது நன்று என்பது அவர் யோசனை. காங்கிரசார் இதனை ஏற்கவில்லை. தாம் தலைமை தாங்கிய அமைப்பையே நிறுத்திவைக்கச் சொன்னாரே என்று சிலர் வியக்கலாம். பதவியினும் ஒற்றுமையைப் பெரிதாக எண்ணியவர்க்கே அவ்வாறு எழுதும் துணிவு வரும். இரு சாராரையும் முற்றும் நிறைவு செய்ய அவரால் இயலவில்லை. இரு சாராரிடமும் ஒரே சொல்லையே சொன்னார் என்பதில் ஐயமில்லை.

நீதியரசர்

1895-இல் பத்ருத்தீன் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அப்பதவியை அங்கு வகித்த முதல் முஸ்லிம் அவரே. நண்பர் தெலாங் அதே மன்றத்தில் நீதிபதியாயிருந்து 1893-இல் மறைந்திருந்தார். மகாதேவ கோவிந்த ரானடே அங்கே உடன்பணியாற்றினார்.

இரண்டே ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. 1897-இல் பூனாவில் பிளேக் நோய்த் தடுப்பு நடவடிக்கைகளின் கடுமையால் மக்கள் கொதித்திருந்தனர். ஜூன் 22-ஆம் நாள் ராண்ட் என்னும் அதிகாரி சுடப்பட்டார். தம் இதழில் வெளியான எழுத்துக்களுக்காகப் பாலகங்காதர திலகர் இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் கேட்ட ஜாமீன் முதலில் மறுக்கப்பட்டது. ஆங்கிலேயரிடையே சினம் மூண்டிருந்த அந்நாட்களில் விண்ணப்பம் பத்ருத்தீன் முன் வந்தது. திலகருக்காக வாதிட்டவர் தின்ஷா தாவர் என்னும் பார்சி வழக்கறிஞர். ஆகஸ்ட் 4-ஆம் நாள் பத்ருத்தீன் ஜாமீன் வழங்கினார்.

திலகரின் அரசியலோடு பத்ருத்தீனுக்கு உடன்பாடு கிடையாது. திலகர் முன்னின்று நடத்திய விழாக்களும், 1893-ஆம் ஆண்டுப் பம்பாய்க் கலவரத்திற்குப் பின் இரு சமுதாயங்களுக்கும் இடையே நிலவிய கசப்பும் அனைவரும் அறிந்தவை. ஆயினும் குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் தம் வழக்கை நடத்தும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்பது சட்டம். அச்சட்டத்தின் முன் அரசின் சினத்திற்கும் சமுதாயத்தின் மனக்குறைக்கும் அவர் இடம் தரவில்லை. பின்னர் வேறொரு நீதிபதியின் முன் நடந்த விசாரணையில் திலகர் பதினெட்டுத் திங்கள் சிறைத்தண்டனை பெற்றார் என்பது வரலாறு. 1908-இல் திலகர் மீண்டும் அதே குற்றச்சாட்டில் நின்றபோது நீதிபதியின் இருக்கையில் இருந்தவர் அதே தின்ஷா தாவர். அவர் ஜாமீன் மறுத்து ஆறாண்டுத் தண்டனை விதித்தார். இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் பத்ருத்தீன் செய்த செயலின் அருமை விளங்கும்.

1902-இல் அவர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். பம்பாயில் அவ்விருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்.

இறுதி நாட்கள்

1903-இல் முகம்மதியர் கல்வி மாநாடு பம்பாயில் கூடியபோது பத்ருத்தீன் தலைமை தாங்கினார். சர் சையத் தொடங்கிவைத்த மாநாடு அது. அவர் 1898-இலேயே மறைந்துவிட்டார். அரசியலில் எதிர்நின்றவர் கண்ட கல்வி இயக்கத்திற்குத் தலைமையேற்கப் பத்ருத்தீன் தயங்கவில்லை. காங்கிரசில் தமக்கிருந்த பற்றையும் அம்மேடையில் அவர் மறைக்கவில்லை. பெண்கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். கருத்து வேற்றுமை வேறு, கல்விப் பணி வேறு என்பதைத் தம் வாழ்வால் காட்டினார்.

1906 ஆகஸ்டுத் திங்களில் இலண்டனில் மாரடைப்பால் காலமானார். அகவை அறுபத்தொன்று. பதினெட்டு மக்களைப் பெற்ற பெருங்குடும்பம் அவருடையது. அவர் மறைந்து நான்கு திங்களில் டாக்காவில் முஸ்லிம் லீக் பிறந்தது. வரலாறு வேறு திசைகளில் ஓடத் தொடங்கியது.

எனினும் அவர் குடும்பம் அவர் வழியை மறக்கவில்லை. அண்ணன் மகனான அப்பாஸ் தயாப்ஜி, 1930-இல் காந்தியடிகள் கைதானபின் தம் முதிய வயதில் உப்பு அறப்போரின் தலைமையை ஏற்றுச் சிறை சென்றார். பறவையியல் அறிஞர் சலீம் அலி இக்குடும்ப உறவில் வளர்ந்தவர்.

வாழ்வு கூறும் பாடம்

பத்ருத்தீன் தயாப்ஜி நினைத்தவை யாவும் கைகூடின என்று சொல்வதற்கில்லை. அவர் அஞ்சிய பிளவு பின்னாளில் நாட்டையே பிளந்தது. அவர் நேசித்த பம்பாய் 1992-93 கலவரங்களில் குருதி சிந்தியது. எனினும் அவர் எழுப்பிய பள்ளியில் பிள்ளைகள் இன்றும் பாடம் படிக்கின்றனர். அரசியல் வெற்றிகள் காற்றோடு போவன. கல்வி நிலையங்கள் தலைமுறை தாண்டி நிற்பன.

தம் சமுதாயத்தின் முன்னேற்றத்திற்கு உழைப்பவர் பிற சமுதாயங்களுக்கு அயலாராக வேண்டியதில்லை. நாட்டின் பொதுப்பணியில் நிற்பவர் தம் மார்க்கத்தைக் கைவிட வேண்டியதுமில்லை. அஞ்சுமனின் தலைவராக இருந்தவரே காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். தொழுகைக்கு விரித்த கம்பளமும் நீதிபதியின் இருக்கையும் ஒரே மனிதருக்கு உரியனவாக இருந்தன. பல மொழியும் பல சமயமும் சூழ வாழும் நம் மாணவச் செல்வங்கள், சட்டம் பயில்வோராயினும் தமிழ் பயில்வோராயினும், இப்பெருமகனாரின் வாழ்வைக் கற்றல் வேண்டும். மாற்றுக் கருத்துடையவருக்கும் மரியாதை குன்றாமல் மடல் எழுதவும், மனம் ஒவ்வாதவருக்கும் நீதி வழங்கவும், கடிந்துரைப்போர் நடுவே தம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பவும் வல்ல உள்ளம் கல்வியால் வருவது. அத்தகைய உள்ளங்களை உருவாக்கும் கல்லூரிகள் பல்கிப் பெருகட்டும்.